மீகாமன் வில்லியம் பிளை

நார்டாப், ஹால் என்னும் இருவர் எழுதி 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட பவுண்டிக் கலக நவீனத்தைச் சென்ற விடுமுறையில் படித்தோம். அதன்கண் கப்பற்றலைவர் பிளை இரக்கமற்ற கொடியவராகவே நம்முன் நிற்கின்றார். அவரைப் படகிலேற்றிக் கடலில் விட்ட இடத்தை அடைந்தபோது உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை மறைக்கமாட்டோம். பின்னர் அவர்தம் மெய் வரலாற்றைத் தேடிக் கற்றபோது அம்மகிழ்ச்சி நாணமாக மாறிற்று.

பிளை 1754ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிளிமத் துறைமுகத்துச் சுங்க அதிகாரி. கடலோடி குக்கின் மூன்றாம் பயணத்தில், 1776இல், ரெசல்யூஷன் கப்பலின் போக்கை வகுக்கும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. அப்பொழுது வயது இருபத்திரண்டும் நிரம்பவில்லை.

மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர் தம் அடிமைகளுக்கு மலிவான உணவு தேடினர். தகீத்தித் தீவின் சீமைப்பலா அதற்கு ஏற்றதெனத் துணிந்தனர். நம்மவர் கறி சமைக்கும் காயே அது. ஈழத்தார் ஈரப்பலா என்பர். மக்களை விலைக்கு வாங்கி உழைப்பித்தோர்க்கு அவர் வயிற்றை நிரப்பும் செலவும் மிகையாகத் தோன்றிற்றுப் போலும்! அச்செடிகளைக் கொணரவே பவுண்டி 1787 டிசம்பர் 23இல் புறப்பட்டது. தலைவர்க்குரிய பெரிய அறை செடித்தொட்டிகளுக்கு விடப்பட்டது.

ஹார்ன் முனையில் ஒரு திங்களளவு புயலோடு போராடித் தோற்று, நன்னம்பிக்கை முனை வழியே சுற்றி, 1788 அக்டோபர் 26இல் தகீத்தியை அடைந்தனர். மாலுமிகள் நோயுறாதிருக்க நாள்தோறும் பிடில் இசைக்கு ஆடுமாறு பிளை பணித்திருந்தார். அவர் விதித்த கசையடிகள் அக்காலத்துத் தலைவர் பலர் விதித்தவற்றினும் குறைவே என்பதைக் கப்பற் குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். கொடுமை அவர் கையில் இல்லை, நாவில் இருந்தது. ஐந்து திங்கள் இனிது வாழ்ந்து, 1,015 செடிகளோடு மீண்ட மாலுமிகளை அந்நா ஓயாது சுட்டது. தேங்காய் சில குறைந்தனவென்று தம் துணைவராகிய கிறிஸ்டியனைத் திருடரென இகழ்ந்தார். மறுநாள், 1789 ஏப்ரல் 28ஆம் நாள் விடியற்காலையிற் கலகம் மூண்டது. செடிகள் கடலில் வீசப்பட்டன.

ஏறக்குறைய இருபத்து மூன்று அடி நீளமுள்ள படகில் பிளையோடு பதினெண்மர் ஏற்றப்பட்டனர். தோபுவாத் தீவில் உணவு தேடச் சென்றபோது அத்தீவினர் ஒருவரைக் கொன்றனர். எஞ்சியோர்க்குத் தேசப்படம் இல்லை, கூரையில்லை. சிரட்டை இரண்டாலே தராசு செய்து, துப்பாக்கிக் குண்டொன்றின் நிறைக்கு ரொட்டி அளந்தளித்தார் பிளை. பறவையொன்று அகப்பட்டாற் பதினெட்டுக் கூறு செய்வர். ஒருவர் கூற்றைச் சுட்ட, புறங்காட்டியிருக்கும் மற்றொருவர் பெறுவோர் பெயரைச் சொல்வார். பெரிது சிறிதென்ற பூசலுக்கு இடமில்லை. மழையில் நனைந்த ஆடையைக் கடல்நீரில் தோய்த்துப் பிழிந்துடுத்துக் குளிர் தாங்கினர். அந்நிலையிலும் கண்ட தீவுகளையெல்லாம் வரைந்துகொண்டே சென்றாரெனின், அவர் நெஞ்சுறுதியை என்னென்பது! சற்றேறக்குறைய 3,600 கடல் மைல் கடந்து, ஜூன் 14இல் ஒல்லாந்தர்க்குரிய தீமோர்த் தீவின் குப்பாங் துறையில் பதினெண்மரும் உயிரோடு இறங்கினர்.

1791இல் மீண்டும் தகீத்திக்கு அனுப்பப்பெற்று, இம்முறை செடிகளை மேற்கிந்தியத் தீவுகளிற் சேர்த்தார். வழியில் தண்ணீர் குறைந்தபோது செடிகள் குடித்தன. மாலுமிகள் தாகத்தால் வாடினர். இவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த காயை அடிமைகள் முதலில் விரும்பி உண்ணவில்லை.

1806இல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னராகி, சாராய வாணிகத்தை அடக்கப் புகுந்தார். 1808 ஜனவரி 26இல் படைவீரரே அவரைச் சிறைப்படுத்தினர். அங்கும் நாக் காவாமை பகைவர்க்கு உதவியிருக்குமென்றே கருதுகின்றோம்.

1817 டிசம்பர் 7இல் லண்டனில் இறந்தார். லாம்பெத்திலுள்ள கல்லறையில், சீமைப்பலாவை முதன்முதற் கொண்டுசேர்த்தவர் என்று பொறித்திருக்கின்றனர். கலகத்தைப் பற்றியோ, அப்படகைப் பற்றியோ அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை.