ஓட்டுரிமை கேட்டு லண்டன் போன இரட்டைமலை சீனிவாசன்

எடப்புளி நாடு உள்ளிட்ட கொல்லிமலை ஊராட்சிகள் அடங்கிய சேந்தமங்கலம், பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அடுத்துள்ள ராசிபுரம், ஆதிதிராவிடருக்கான தனித்தொகுதி. தேர்தல் நாளில் வாக்காளர் அட்டையுடன் வரிசையில் நிற்கிறோம். அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதச் சொல்லி லண்டன் வரை போய் வாதாடியவர்களில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன்.

1859 ஜூலை 7-ல் செங்கல்பட்டு வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தார். கோவையில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களை விட்டு ஒதுங்கியே இருந்தார். நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு, 1890-ல் சென்னைக்கு வந்தார். 1891-ல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரையே பத்திரிகையின் தலையில் வைத்தார். பிறகு பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணி.

நாடு திரும்பியபோது, 1919-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் தேர்தல் முறை வந்திருந்தது. ஆனால் சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. நிலமில்லாத சேரி மக்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. 1923-ல் சீனிவாசனும் நியமன உறுப்பினராகத்தான் சட்டசபைக்குள் போனார். அங்கிருந்தபடி, பொதுச் சாலை, கிணறு, குளங்களை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

தயவால் கிடைக்கும் நியமனம் போதாது என்பதை 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அழுத்தமாக முன்வைத்தார்கள். அம்பேத்கரும் அவரும் சேர்ந்து கொடுத்த மனு, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கேட்டது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை முதல் 10 ஆண்டுகளுக்குக் கேட்டது.

1932 ஆகஸ்டில் ஆங்கில அரசு தனி வாக்காளர் தொகுதியை அறிவித்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது, சீனிவாசனும் கையெழுத்திட்டார். மாகாண சபைகளில் இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. சென்னைக்கு மட்டும் 18 என்பது 30 ஆனது. பதிலுக்குத் தனி வாக்காளர் முறை போனது. முதல் கட்டமாக நால்வரை நம் மக்கள் தேர்ந்தெடுப்பது, அவர்களில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் வெற்றிபெறச் செய்வது என்று ஏற்பாடாயிற்று. 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த 30 இடங்கள் ஏறின. பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து மாகாணம் முழுமைக்கும் கிடைத்தது ஒரே ஒரு இடம்.

1945 செப்டம்பர் 18-ல் சீனிவாசன் மறைந்தார். வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தலை அவர் பார்க்கவில்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அவர் கேட்டதில் ஒரு பாதியைக் கொடுத்தது. மறுபாதி அப்படியே நிற்கிறது. தனித்தொகுதியில் போட்டியிடுபவர் நம்மவர். ஆனால் அவரது வெற்றியைத் தீர்மானிப்பது எல்லோருடைய ஓட்டும். அதனால் சேரிக்காகக் குரல் கொடுக்க வேண்டிய நேரத்தில் சிலர் தயங்குவதைப் பார்க்கிறோம்.

மக்களவை, சட்டசபைத் தனித்தொகுதிகளும் நிரந்தரமல்ல. 10 ஆண்டுக்கு ஒருமுறை சட்டத்தைத் திருத்தித்தான் நீட்டிக்கிறார்கள். இப்போதைய கெடு 2030 ஜனவரி. அதற்கு முன் நம் ஊர்களில் பேச வேண்டியது இதைத்தான்: இடம் தொடர்வது மட்டும் போதுமா, அந்த இடத்தில் உட்காருபவர் நமக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டாமா? சீனிவாசன் லண்டனில் எழுப்பிய கேள்வியும் இதுவே.