அடித்தல்களில் பிறந்த ஓவியங்கள்

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர், 1913ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர். கவிதை எழுதும்போது, பிடிக்காத சொற்களை அவர் அடித்துவிடுவார். அடித்த இடங்கள் தாளில் அலங்கோலமாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. எனவே, அவற்றைக் கோடுகளால் இணைத்தார். அங்கே பறவைகளும் விந்தையான விலங்குகளும் உருப்பெற்றன. இப்பழக்கமே, அறுபது வயதைக் கடந்த கவிஞரை ஓவியராக்கியது.

தாகூர் ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றதில்லை. எதை வரைவது என்று முன்கூட்டியே திட்டமிடாமல், கோடு போன போக்கில் கையைச் செல்லவிட்டார். உருவம் பிறகே புலப்பட்டது. அவருக்கு எழுபது வயது நெருங்கியபோது, 1930இல், முதல் ஓவியக் கண்காட்சி பாரிஸில் நடைபெற்றது. 1941இல் மறைவதற்குள் 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். வேண்டாமென்று அடித்த சொற்களிலிருந்தே அவருக்குப் புதிய கலை ஒன்று வாய்த்தது.