முப்பத்தோராண்டு வாழ்ந்த மேதை: வால்ட்டர் ரிட்ஸ்

விண்ணில் பறக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனால் அதன் பகுதிகளைப் பிணைத்து நிற்கும் போல்ட்டுகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு வரிசையிலுள்ள போல்ட்டுகள் யாவும் சுமையைச் சமமாகத் தாங்குவதில்லை. பொதுவாக இரு முனைகளில் உள்ளவையே மிகுதியாகத் தாங்குகின்றன. எந்தத் துளையின் விளிம்பில் விரிசல் தோன்றக்கூடும் என்பதை இன்று கணிப்பொறி முன்கூட்டியே காட்டுகிறது. அக்கணக்கின் வேர்களுள் ஒன்றை ஊன்றியவர் வால்ட்டர் ரிட்ஸ்.

சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ரிட்ஸ். 1897-இல் சூரிச் பாலிடெக்னிக்கில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அதன் தோராயக் கணக்குகள் அவருக்குப் பிடிக்கவில்லை. துல்லியத்தை நாடி இயற்பியலுக்கு மாறினார். 1901-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் சென்று, மறு ஆண்டே டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வை முடித்தார். அதற்குள் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது.

விளிம்புகள் இறுகப் பொருத்தப்பட்ட தகடு சுமையால் எவ்வாறு வளையும்? பாரிஸ் அறிவியல் கழகம் 1907-ஆம் ஆண்டுப் பரிசுக்கு விடுத்த வினா இது. ரிட்ஸ் புதுவழி கண்டார். வளைவைச் சில எளிய வடிவங்களின் கூட்டாக அமைத்தார். அவற்றை எந்த அளவில் கலந்தால் மொத்த ஆற்றல் மிகக் குறைகிறதோ, அதுவே விடைக்கு நெருங்கியது என்றார். பரிசோ பிறருக்குச் சென்றது.

1909-இல் சூரிச் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு முதலில் கருதப்பட்டவரும் ரிட்ஸே. நோய் குறுக்கிட்டது; பதவி ஐன்ஸ்டீனுக்குக் கிட்டியது. அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் ரிட்ஸ் மறைந்தார். வயது 31.

அவர் வழி மறையவில்லை. பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து அவ்வழியைக் கையாளலாம் என 1943-இல் கூரன்ட் எழுதினார். 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் விமான அமைப்புகளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். அதற்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று 1960-இல் பெயரிட்டவர் கிளஃப். இன்று போல்ட்டு, துளை, தகடு யாவும் இவ்வாறே பிரிக்கப்படுகின்றன. முறுக்கிய இறுக்கமும் உராய்வும் கணக்கில் சேர்கின்றன.

தோராயத்தை வெறுத்து விலகியவரே பொறியாளர்க்கு நம்பத்தக்க தோராயத்தைத் தந்து சென்றார். மாணவ நண்பர்களே, பரிசு கிட்டாத உழைப்பு வீணன்று என்பதற்கு இவ்வாழ்வினும் சான்று வேண்டுமோ?