வாலில்லாத வால் நட்சத்திரம்

பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். காந்தியடிகளையும் பாரதியையும் நண்பர்கள் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனவே நான், கால் தாங்கி நடந்த ஒரு ஜெர்மானியரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் வால்டர் பாடே.

1893-ல் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பிறவியிலேயே இடுப்பில் குறை. 1919-ல் கெட்டிங்கனில் டாக்டர் பட்டம் பெற்று, ஹாம்பர்க்கை அடுத்த பெர்கெடார்ப் வான ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார்.

1920 அக்டோபர் 31 அன்று அங்கே ஒரு மங்கிய புள்ளியைக் கண்டார். வாலுமில்லை, புகை படர்ந்த தலையுமில்லை. ஆகவே அது சிறுகோள் என்று முடிவாகி, 944 என்ற எண்ணும் பெற்றது. பாதையைக் கணக்கிட்ட பிறகுதான் வேடிக்கை தெரிந்தது. சிறுகோள்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அடக்கமாகச் சுற்றுபவை. இதுவோ செவ்வாய்க்குச் சற்று அப்பாலிருந்து கிளம்பி, வியாழனைத் தாண்டி, சனியின் தொலைவுவரை போய்த் திரும்புகிறது! கோள்கள் ஓடும் தளத்துக்கு 42 பாகை சாய்ந்த நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள். உருவம் சிறுகோள், நடையோ வால் நட்சத்திரம். 1922-ல் பாடே மெய்யான வால் நட்சத்திரம் ஒன்றையும் கண்டுபிடித்தார். அதன் குலத்தைப் பற்றி யாருக்கும் ஐயம் எழவில்லை.

1923-ல் சூரிய கிரகணம் காண மெக்சிகோ சென்ற ஜெர்மானிய வானநூலார், அந்நாட்டு விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த பாதிரியார் இடால்கோவின் பெயரை 944-க்குச் சூட்டினர்.

பாடே 1931-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனுக்குக் குடிபெயர்ந்தார். போர் வந்ததும் அவர் பகைநாட்டுக் குடிமகன் ஆனார். சக ஆய்வாளர் பலர் போர்ப் பணிக்குச் சென்றனர். அவருக்கு அது மறுக்கப்பட்டது. எனக்கு இந்த இடம்தான் மறக்க முடியாதது. ஒதுக்கப்பட்ட மனிதருக்கு 100 அங்குலத் தொலைநோக்கி கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்து இருளும் தந்தது. ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். விண்மீன்களில் இரு குலங்கள் உண்டு என்பதை 1944-ல் வெளியிட்டார். அண்டத் தொலைவுகளை இரு மடங்காக்கிய 1952-ஆம் ஆண்டு அறிவிப்புக்கும் அதுவே வேர்.

இத்தனைக்கும் நடுவே 1949-ல் இன்னொரு நாடோடி சிக்கியது. செவ்வாய்க்கு அப்பால் வரை போகும் இகாரஸ் என்னும் அந்தச் சிறுகோள், புதனையும் கடந்து சூரியனை நெருங்குகிறது.

ஓய்வுபெற்றுக் கெட்டிங்கன் திரும்பிய பாடே, 1960 ஜூன் 25 அன்று அங்கேயே காலமானார். இடால்கோ, பனி தீர்ந்துபோன பழைய வால் நட்சத்திரமாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அது சூரியனருகே வரும்போதெல்லாம் பார்க்கிறார்கள். வால் இதுவரை தென்படவில்லை.