மண்ணில் விளைந்த வண்ணம்

திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த திருமலையில் சமணக் குகை ஓவியங்கள் உள்ளன. வண்ணம் கடையில் விற்கப்படாத காலத்தில் இவ்வோவியர்கள் அதற்கு எங்கே சென்றனர் என்னும் வினா, அவற்றைக் காண்போர் உள்ளத்தில் எழும். கல்லையும் மண்ணையும் அரைத்துத் தூளாக்கிப் பசையுடன் குழைத்துப் பூசுவதே நம் நாட்டின் தொன்மையான முறை. எண்ணெய் வண்ணக் குழாய்கள் எளிதில் கிடைத்த இருபதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில், அப்பழைய முறைக்கே திரும்பியவர் ஜாமினி ராய்.

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்துப் பெலியதோர் என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அவர் பிறந்தார். பதினாறாம் அகவையில் கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அவனீந்திரநாத் தாகூர் அப்போது அங்குத் துணை முதல்வராக இருந்தார். ஐரோப்பிய முறையில் தேர்ச்சிபெற்று வெளிவந்த ஜாமினி ராய்க்கு, செல்வர்களின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் பணி வருவாய் தந்தது. கை தேர்ந்திருந்தது, மனம் நிறையவில்லை. தாம் தீட்டுவது பிறர் மொழியில் பேசுவது போன்றதே என அவருக்குத் தோன்றியது.

1920களில் அவர் அத்தொழிலைக் கைவிட்டார். குடும்பம் வறுமையில் வாடியது. முதலில் காளிகாட் கோயிலருகே விற்கப்பட்ட பட ஓவியங்கள் அவரை ஈர்த்தன. ஆனால் அவற்றில் நகரத்தின் சாயல் மிகுந்திருப்பதைக் கண்டு, தம் ஊர்ப்புறத்துப் பட்டுவா ஓவியர்களையும் விஷ்ணுபூர்க் கோயில்களின் சுடுமண் சிற்பங்களையும் நாடினார். அவர்கள் வரைந்ததைக் கற்றதோடு நில்லாமல், வண்ணம் ஆக்கும் முறையையும் கற்றார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

தூளாக்கிய நிறப்பொருளை நீரில் குழைத்து ஒட்டும் பொருளொன்றைச் சேர்த்துத் தீட்டுவதை டெம்பரா என்பர். இடைக்கால இத்தாலிய ஓவியர்கள் அதற்கு முட்டையின் மஞ்சட்கருவைப் பயன்படுத்தினர். ஜாமினி ராய் கையாண்டது புளியங்கொட்டைப் பசை. வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் கிடைக்கும் இப்பசை தமிழ்நாட்டாருக்கும் புதிதன்று. பசை மிகுந்தால் வண்ணம் வெடிக்கும். குறைந்தால் விரல் பட்டதும் உதிரும். செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவிக்கற்கள், நீலத்திற்கு அவுரி, வெண்மைக்குச் சுண்ணம், கோட்டிற்கு விளக்குக்கரி. கண்மைக்குக் கரி பிடிக்கும் நம் இல்லத்துப் பெண்கள் அறிந்த பொருளே அது. இவ்வாறு ஏறத்தாழ ஏழு நிறங்களுக்குள் தம் ஓவிய உலகை அவர் அடக்கிக்கொண்டார். விலைமிகுந்த கித்தானை விடுத்து, துணியிலும் பாயிலும் பலகையிலும் சுண்ணாம்பு பூசி வரைந்தார்.

டெம்பரா விரைந்து உலரும். எண்ணெய் வண்ணம்போல் ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைத்து நிழல்காட்டுதல் அதில் அரிது. அக்குறையையே அவர் வலிமையாக்கினார். தட்டையான நிறப்பரப்பு, அதனைச் சூழும் தயக்கமற்ற தடித்த கோடு, நீண்டு விரிந்த மீன்விழி ஆகியவை அவருடைய அடையாளமாயின. தாயும் சேயும், சந்தால் மக்களின் ஆடல், இயேசுவின் வாழ்வு, மீனைக் கவ்விய பூனை என எதனைத் தீட்டினாலும் அவர் கை தெரிந்தது.

எளியோர் வீட்டுச் சுவரிலும் ஓவியம் இருக்கவேண்டும் என விரும்பியவர் அவர். ஒரே ஓவியத்தைப் பலமுறை வரைந்தார். மகன் உள்ளிட்டோர் துணைபுரிந்தனர். குறைந்த விலைக்கே விற்றார். மூலம் எது, படி எது என்னும் குழப்பம் இன்றும் ஆய்வாளரை வருத்துகிறது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவில் தங்கியிருந்த அயல்நாட்டுப் படைவீரர்களும் அவருடைய இல்லம் தேடிவந்து வாங்கிச் சென்றனர். 1946இல் லண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னர் இந்திய அரசு அவருடைய படைப்புகளை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்தது. புளியங்கொட்டைப் பசையில் குழைத்த அந்த ஓவியங்களை விற்பதற்காக நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல இன்று சட்டம் இடந்தருவதில்லை.