கிளாரா பார்ட்டன் அம்மையார்

வெள்ளத்தாலும் புயலாலும் ஓர் ஊர் அழிந்தவிடத்து, முதல் வாரத்தில் இரங்கி ஓடிவருவோர் பலர். ஆறாம் திங்களிலும் அவ்வூரிலேயே தங்கியிருப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கிய கிளாரா பார்ட்டன் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஆக்ஸ்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். (கலாசாலையாற் புகழ்பெற்ற ஆங்கில நகரம் வேறு, இது வேறு.) இளமையில் ஆசிரியத் தொழில் பூண்டு, 1852இல் நியூ ஜெர்சி மாகாணத்துப் பார்டென்டவுனில் கட்டணமில்லாப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பள்ளி வளர்ந்தபின் அதற்குத் தலைவராக ஆடவர் ஒருவரை மிகுந்த ஊதியத்துடன் அமர்த்தினர். அம்மையார் விலகிக்கொண்டார். நீதியின்மை எத்தகையதென்பதை அவர் ஏட்டிற் கற்றவரல்லர்.

உள்நாட்டுப் போரிற் காயமுற்றோர்க்கு அவர் ஆற்றிய தொண்டு பலரும் அறிந்ததாகலின் அதனை விரித்துரையேம். 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவி, போர்க்களத்திற்கென எழுந்த அத்தொண்டை இயற்கைச் சீற்றத்தால் நலிவோர்க்கும் உரியதாக்கினார். 1889இல் அணை உடைந்து 2,209 உயிர்களைக் கொண்ட ஜான்ஸ்டவுன் வெள்ளத்தின்போது ஏறக்குறைய ஐந்து திங்கள் அங்கேயே தங்கி, வீடிழந்தோர்க்கு மரவிடுதிகள் கட்டுவித்தார்.

எனினும், அம்மையாரின் உள்ளத்தை நன்கு காட்டுவது 1893ஆம் ஆண்டு நிகழ்ச்சியே என்பது எம் கருத்து. அவ்வாண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தென் கரோலினாக் கரையோரத்துக் கடல் தீவுகளைப் பெரும்புயல் தாக்கிற்று. ஆயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 30,000 பேர் உணவும் உறையுளும் இழந்தனர். அவருட் பெரும்பாலோர் அடிமைத்தளை நீங்கி முப்பதாண்டே ஆகியிருந்த கறுப்பின மக்கள். அரசினர் பொருள் ஒன்றும் ஒதுக்கிற்றிலர். எழுபத்தொரு வயதினராகிய அம்மையார் அங்குச் சென்று, நாட்டு மக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையைக் கொண்டே பத்துத் திங்கள் பணியாற்றினார்.

ஏழு பேர் கொண்ட குடும்பத்திற்கு வாரம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் மக்காச்சோள நொய்யும் ஒரு பவுண்டு பன்றியிறைச்சியுமே கிடைத்தன. உழைத்தோர்க்கு மிகுதியாக அளித்தனர். இவ்வளவு போதுமோ என்னும் ஐயம் எமக்கும் உண்டு. குளிர்காலம் முழுதும் அத்தனை வாய்க்கும் கைப்பொருளைப் பகிர வேண்டியிருந்தமையை மறத்தலும் இயலாது. ஆடவர் வாய்க்கால் வெட்டி, நீர் தேங்கிய நிலத்தை வடித்தனர். பெண்டிர் தையற்குழுக்கள் அமைத்து, வந்த பழந்துணிகளைச் செப்பஞ்செய்தனர். விதை உருளைக்கிழங்கினைத் துண்டுதோறும் முளைக்கண் ஒன்று நிற்குமாறு அவர்களே அரிந்தனர். இரந்து பெற்றது என்று நாணாமல், தம் கையால் நட்டது என்று சொல்லத்தக்க பயிர் வயலில் நிற்கக் கண்டபின்னரே, 1894ஆம் ஆண்டுக் கோடையில் அம்மையார் விடைகொண்டார்.

1900இல் கால்வெஸ்டன் நகரைப் புயல் அழித்தபோது அவருக்கு அகவை 78. அங்கும் பயிரிழந்த உழவர்க்கு 15 இலட்சம் ஸ்டிராபெரி நாற்றுகளை வழங்குவித்தார்.

அம்மையாரிடத்துக் குறையின்றில்லை. கணக்கெழுதுவதில் அவர் கண்டிப்புடையவரல்லர். அதிகாரத்தைப் பிறரோடு பகிரவும் எளிதில் இசையார். இவற்றால் எழுந்த பூசலில் 1904இல் தலைமையைத் துறந்தார். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மேரிலாந்து மாகாணத்துக் கிளென் எக்கோவிலுள்ள தம் இல்லத்தில் உயிர்நீத்தார். ஜான்ஸ்டவுனில் வீடிழந்தோர்க்கென எழுப்பிய விடுதிகளைப் பிரித்தபின் எஞ்சிய மரத்தைக் கொணர்ந்து கட்டிய வீடு அது.