அக்டோபர் கடல்ல இறங்கப் போறீங்களா? மெர்சிடிஸ் கிளைட்ஸே கதையைப் படிச்சுட்டு இறங்குங்க!

ஆஃப் சீஸன் டிரிப்புக்குன்னு ஒரு தனி கிக் இருக்கு. கூட்டம் இல்லை, ரூம் வாடகை கம்மி, செல்ஃபியில யாரோட தலையும் குறுக்க வராது. அதுவும் அக்டோபர்ல இங்கிலாந்தோட டோவர் பக்கம் போய், வெள்ளை வெளேர்னு நிக்கிற சுண்ணாம்புப் பாறைகள் மேல நடந்துட்டு, அப்படியே கீழே இறங்கி ஜில்லுனு கடல்ல ஒரு குளியல் போடுறது இப்போ செம டிரெண்ட். உங்க பிளான்லயும் அது இருந்தா, நீங்க இறங்கப் போற அதே கரையில 1927-ம் வருஷம் அக்டோபர் மாசம் மயங்கிக் கரையேறிய ஒரு டைப்பிஸ்ட் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

பெயர் மெர்சிடிஸ் கிளைட்ஸே. 1900 நவம்பர்ல இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துல, ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதல் உலகப் போர் அந்தக் குடும்பத்தை ஜெர்மனிக்குத் தள்ளியது. வளர்ந்த பிறகு தனியாகவே இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார். லண்டன்ல ஆபீஸ் வேலை, டைப்பிங். வேலை இல்லாத நேரத்துல தேம்ஸ் நதியில நீச்சல். அந்த நதிக்கரையில ராத்திரி வீடு இல்லாமப் படுத்துக் கிடந்தவங்களைப் பார்த்துப் பார்த்து, இவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு மனசுல பதிஞ்சுபோச்சு. டைப்பிஸ்ட் சம்பளத்துல என்ன செய்ய முடியும்? நீச்சல்ல பேர் வாங்கினா காசு வரும், அந்தக் காசுல செய்யலாம். இதுதான் அவரோட கணக்கு.

பேர் வாங்க ஒரே வழி, இங்கிலீஷ் கால்வாய். குறுகலான இடத்துலயே 33 கிலோமீட்டர். ஆனா அலை ஏற்றமும் இறக்கமும் பக்கவாட்டுல இழுக்கிறதால, யாரும் நேர்கோட்டுல நீந்த முடியாது. 1926-ல அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி அதைக் கடந்த முதல் பெண் ஆனார். மெர்சிடிஸ் ஏழு தடவை முயற்சி பண்ணி ஏழு தடவையும் தோத்தார். எட்டாவது முயற்சி 1927 அக்டோபர் 7. சீஸன் முடிஞ்சு மத்தவங்க எல்லாம் மூட்டை கட்டிட்ட நேரம். விடிகாலை 2.55-க்கு பிரான்ஸின் காப் கிரி நே முனையில தண்ணியில இறங்கினார். துணைக்கு ஒரு மீன்பிடிப் படகு, சுத்தி மூடுபனி. 15 மணி நேரம் 15 நிமிஷம் கழிச்சு, சாயங்காலம், டோவருக்குப் பக்கத்துல செயின்ட் மார்கரெட்ஸ் வளைகுடாவை ஒட்டிக் கரையைத் தொட்டு மயங்கி விழுந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண்!

சந்தோஷம் நாலு நாள்கூட நிம்மதியா நீடிக்கலை. அக்டோபர் 11-ம் தேதி டோரத்தி லோகன்னு ஒரு டாக்டர், நானும் கடந்துட்டேன்னு வந்தார். அதுவும் ரெண்டு மணி நேரம் குறைவா! பத்திரிகை பரிசுப் பணமும் கொடுத்துச்சு. கொஞ்ச நாள்லயே, அது பொய்யின்னு அவரே ஒத்துக்கிட்டார். பெரும்பகுதி நேரம் படகுலதான் இருந்திருக்கார். ஏமாத்துறது எவ்வளவு சுலபம்னு காட்டத்தான் அப்படிச் செஞ்சாராம். நோக்கம் என்னவோ இருக்கட்டும், அடி விழுந்தது மெர்சிடிஸ் தலையில. அப்போ இவளும் பொய்தானோங்கிற சந்தேகம் கிளம்பிடுச்சு. மூடுபனியில ஒரு சின்னப் படகு ஆட்களைத் தவிர யார் பார்த்தா? வீடில்லாதவங்களுக்கான கனவும் அந்தச் சந்தேகத்துல மாட்டிக்கிச்சு.

மெர்சிடிஸ் வாக்குவாதம் பண்ணிட்டு இருக்கலை. மறுபடி நீந்திக் காட்டுறேன்னு அக்டோபர் 21-ம் தேதி திரும்பவும் இறங்கிட்டார். இந்தத் தடவை பத்திரிகைக்காரங்க படகு கூடவே வந்தது.

இங்கேதான் உங்க டிரிப்புக்கான பாடம் இருக்கு. அன்னிக்குத் தண்ணியோட வெப்பநிலை சுமார் 12-லிருந்து 15 டிகிரி செல்சியஸ். நம்ம மெரினா கடல் பெரும்பாலும் 27, 28-ல இருக்கும், பாதின்னு வெச்சுக்கோங்க. காத்தைவிடத் தண்ணி 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். இறங்கின முதல் ஒண்ணு, ரெண்டு நிமிஷம் மூச்சு தானா வாரிக்கும். அந்த நேரத்துல தலை முங்கினா தண்ணி உள்ளே போயிடும். அதனால ஒருபோதும் குதிக்காதீங்க. மெதுவா நடந்து இறங்கி, மூச்சு சீராகுற வரைக்கும் இடுப்பளவு தண்ணியிலேயே நில்லுங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல விரல் மரத்துப்போகும், கைவீச்சு தளரும். பழக்கம் இல்லாதவங்களுக்கு முதல் நாள் ரெண்டு, மூணு நிமிஷமே தாராளம். கரையேறின பிறகும் உடம்பு இன்னும் குளிரும். ஈரத்தைக் கழட்டிட்டு உலர்ந்த டிரெஸ், தொப்பி, சூடா டீ. உடனே வெந்நீர்க் குளியல் மட்டும் வேண்டாம், தலை சுத்தி விழ வாய்ப்பு இருக்கு. தனியா இறங்குறது பத்தி யோசிக்கவே வேண்டாம். பாக் நீரிணையையே நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984 ஆகஸ்ட்ல இதே கால்வாயில நீந்தும்போதுதான் இறந்தார். ஆகஸ்ட்டுங்கிறது அங்கே கோடைக்காலம்!

அந்தத் தண்ணியில மெர்சிடிஸ் 10 மணி நேரத்துக்கும் மேல இருந்தார். வலி ஒரு பக்கம். அதைவிட ஆபத்தானது தூக்கம். குளிர்ல உடம்பு தோத்துப்போகும்போது கண் சொருக ஆரம்பிக்கும். கடைசியில அரை மயக்கத்துல இருந்தவரைப் படகுல தூக்கிப் போட்டாங்க. கரைக்கு இன்னும் சுமார் 7 மைல் பாக்கி. கடக்கலைதான். ஆனா அந்தக் குளிர்ல அவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சதைக் கண்ணால பார்த்த பிறகு, முதல் நீச்சலைச் சந்தேகப்பட யாருக்கும் வாய் வரலை.

அன்னிக்கு அவர் கழுத்துல ஒரு கைக்கடிகாரம் தொங்கிட்டு இருந்தது. ரோலெக்ஸ் ஆய்ஸ்டர். தண்ணி புகாத புது மாடல். அது நிக்காம ஓடினதை வெச்சு, அடுத்த மாசமே அந்த கம்பெனி லண்டன் பத்திரிகையோட முதல் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்துச்சு. கால்வாயைக் கடந்தப்பவே அந்த வாட்ச் இருந்ததா நிறைய ரீல்ஸ்ல சொல்றாங்க. இல்லை பாஸ், அது கடக்க முடியாம போன ரெண்டாவது நீச்சல்.

நீங்க நடக்கப் போற பாதையிலிருந்து பார்த்தா இந்தக் கடல் முழுசும் தெரியும். டோவர்லருந்து பாறை மேலேயே சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம் தாண்டி செயின்ட் மார்கரெட்ஸ் வரை, நிதானமா நடந்தா அரை நாள். சுண்ணாம்புப் பாறை எப்ப வேணா உடைஞ்சு விழும், விளிம்புக்குப் போகாதீங்க. கீழே கடலோரமா நடக்க ஆசைப்பட்டா அலை ஏற்ற நேரத்தைப் பார்க்காம இறங்காதீங்க. தண்ணி ஏறினா பாறைக்கும் கடலுக்கும் நடுவுல சிக்கிப்பீங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்புவாங்க. அதுக்கப்புறம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு.

மெர்சிடிஸ் 1928 ஏப்ரல்ல ஜிப்ரால்டர் நீரிணையை நீந்திக் கடந்தார். அதைச் செஞ்ச முதல் மனுஷி அவர்தான், ஆண்களையும் சேர்த்து. அப்புறம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கான்னு ஊர் ஊரா குளங்கள்ல 40 மணி நேரத்துக்கும் மேல தொடர்ந்து நீந்தினார். அவர் தூங்கிடாம இருக்கப் பார்வையாளர்களே கூடிப் பாட்டுப் பாடுவாங்களாம். அந்தக் காசுல 1933-ல லெஸ்டர் நகரத்துல வீடில்லாதவங்களுக்கு இல்லம் திறந்துட்டார். டைப்பிஸ்ட் போட்ட கணக்கு சரியா வந்துடுச்சு! 1940 நவம்பர்ல ஜெர்மன் குண்டுவீச்சுல அந்த இல்லம் அழிஞ்சுபோச்சு.

கல்யாணம், குழந்தைகள்னு ஆன பிறகு வெளி உலகத்தை விட்டே ஒதுங்கிட்டார். பழைய சாதனை எதையும் வீட்டுல பேசவே மாட்டாராம். 1981 பிப்ரவரியில லண்டன்ல இறந்தார். அவர் சேர்த்துவெச்சிருந்த காகிதங்களை எல்லாம் புரட்டி, அம்மா யாருன்னு அதுக்கப்புறம்தான் முழுசா தெரிஞ்சுக்கிட்ட மகள், அதை ஒரு புத்தகமா எழுதினார். இல்லம் போனாலும், லெஸ்டர்ல அவர் பேர்ல இருக்கிற அறக்கட்டளை, கஷ்டப்படுறவங்களுக்குப் பண உதவி பண்றதை நிறுத்தலை.